கோலேஜ் கொமுனிட்டி: யாருடைய கல்லூரி?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இருக்கும் ஈப்போவின் புந்தோங் வீடுகளில் 'கோலேஜ் கொமுனிட்டி' என்ற பெயர் மலாயிலேயே புழங்கும். நாளிதழ்கள் அதைச் 'சமூகக் கல்லூரி' என்று எழுதும். தமிழ்நாட்டில் 'சமுதாயக் கல்லூரி'. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மலேசியத் தமிழில் ஒன்றல்ல. இங்கே மேடையில் ஒருவர் 'நம் சமுதாயம்' என்றால் மலேசிய இந்தியர்களைத்தான் சொல்கிறார். அந்தக் காதோடு கேட்டால் 'சமுதாயக் கல்லூரி' ஓர் இனத்துக்கென்று கட்டியதாகிவிடும். பெயரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

லத்தீனில் 'முனுஸ்' என்றால் கடமை, கொடை. அதைப் பலர் சேர்ந்து சுமந்தால் 'கம்யூனிஸ்'; கொமுனிட்டி அதன் வழி வந்தது. கோலேஜுக்கு மூலமான 'கொலேகியம்' ஒரே பணியில் அமர்ந்தவர்களின் கூட்டம். இரண்டு சொல்லிலும் கட்டடம் இல்லை, ஆட்கள்தான்.

1901இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் ஈராண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியபோது அந்த வகைக்கு வழங்கிய பெயர் 'ஜூனியர் கல்லூரி'. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் 'கம்யூனிட்டி கல்லூரி' என்ற பெயரைப் பரப்பியது. பழைய பெயர் விளையாட்டுத் திடலில் ஒட்டிக்கொண்டது: அக்கல்லூரிகளின் தேசிய விளையாட்டுச் சங்கம், 1938இல் அமைந்தது, இன்னும் 'ஜூனியர்' என்ற சொல்லைத் தன் பெயரில் வைத்திருக்கிறது.

மலேசியாவில் கோலேஜ் கொமுனிட்டிகள் 2001இல் தொடங்கின. நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்றாவது வேண்டும் என்பது திட்டம். ஆகவே இங்கே கொமுனிட்டி என்பது வட்டாரம். அந்தத் தொகுதியில் குடியிருக்கும் எல்லாரும். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பு, மற்றவர்களுக்குக் கேக் செய்வது, தையல், கணினி போன்ற குறுகிய காலப் பயிற்சிகள். சான்றிதழோடு பொலிடெக்னிக் டிப்ளோமாவுக்கும் போகலாம். நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969 முதல், ஈப்போவிலேயே இருக்கிறது.

தமிழ்ப் பக்கத்துக் கதை எனக்கு இன்னும் பிடித்தது. 'கல்லூரி' சீவக சிந்தாமணியிலேயே உண்டு. ஆனாலும் நூறாண்டுக்கு முன் நம்மவர்கள் காலேஜைக் கலாசாலை என்றார்கள், யுனிவர்சிட்டியைச் சர்வகலாசாலை என்றார்கள். தனித்தமிழ் உணர்வு வலுத்த பிறகே கல்லூரியும் பல்கலைக்கழகமும் நிலைத்தன. தமிழ்நாட்டில் பேச்சிலிருந்து மங்கிப்போன கலாசாலை, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் வாழ்கிறது. மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று உருவாக்கி, 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலை ஒரு தமிழ்த் தொடக்கப்பள்ளி. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் எழுத்துப் பழகிய இடத்துக்குக் கல்லூரியின் பெயரைச் சூட்டிய துணிவை நான் மதிக்கிறேன். அதே ஊரில்தான் சுங்கை சிப்புட் கோலேஜ் கொமுனிட்டியும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், தமிழில் அதற்கு 'வட்டாரக் கல்லூரி' என்பதே பொருந்தும். 'சமூகம்' பழகிவிட்டது, இருக்கட்டும். ஆனால் மாணவர் சேர்க்கை அறிவிப்பை வெளியிடும் நாளிதழ்கள், குறுகிய காலப் பயிற்சி அந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் உரியது என்று பக்கத்திலேயே ஒரு வரி போட வேண்டும். மகளுக்குப் படிவம் தேடும் புந்தோங் அம்மா தனக்கும் ஒன்று கேட்கட்டும்.