கார் ஷெட்டில் ஒரு விமானம்

அமெரிக்காவில் சிலர் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டி, அதில் ஏறிப் பறக்கிறாங்க. இந்தக் கதையைச் சொல்றவங்க ஆர்வம், துணிச்சல்னு பேசுவாங்க. என்னைக் கேட்டா, பாதிப் பெருமை ஒரு எஃகுக் குழாய்க்குப் போகணும்.

கதை ஒரு வெல்டரிடம் ஆரம்பிக்குது. ரைன்ஹோல்ட் பிளாட்ஸ், முதல் உலகப்போருக்கு முன்பே ஃபோக்கர் கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்தவர். பெரும்பாலான விமானங்கள் மரச்சட்டத்தில் இருந்த காலத்தில், ஃபோக்கரின் 1918 டி-7 விமானத்துக்கு உடம்பு, பத்தவைத்த எஃகுக் குழாய். ஆனா அது சாதாரண எஃகு. பலம் வேணும்னா தடிமனைக் கூட்டணும், எடையும் கூடவே ஏறும்.

அந்தச் சிக்கலைத் தீர்த்தது குரோமோலி. 4130-ன்னு ஒரு நம்பர். சுமார் 0.3% கார்பன், 1% குரோமியம், 0.2% மாலிப்டினம், மீதி பெரும்பாலும் இரும்புதான். ஆனா குழாயின் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். அதைவிட முக்கியம், இவ்வளவு மெல்லிய குழாயைக் கேஸ் வெல்டிங்கில் பத்தவைத்து, காத்து அடிக்காத இடத்தில் தானா ஆறவிட்டாலே போதும். பெரிய உலை தேவையில்லை. அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தினாத்தான் வம்பு. மூட்டுப் பக்கம் கெட்டிப்பட்டு, விரிசல் விடும்.

உலை இல்லாம முடியுதுன்னா, தொழிற்சாலையும் இல்லாம முடியும் இல்லையா? 1953-இல் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் சொந்தமா விமானம் கட்டுறவங்களுக்காகச் சங்கம் ஆரம்பித்தார். 1955-இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேடட்' பத்திரிகையில் 'பேபி ஏஸ்' கட்டும் முறையைத் தொடரா எழுதினார். ஒருத்தர் உட்காரும் விமானம். எஃகுக் குழாய் உடம்பு, மர இறக்கை, மேலே துணி. எஞ்சினோடு 800 டாலருக்குள் முடிக்கலாம்னு அறிவிப்பு. சங்கத்தில் ஆள் சேர ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்னு சொல்லலாம்.

ஒண்ணு மறக்கக் கூடாது. வெளியே பளபளன்னு இருக்கிற மூட்டு உள்ளே உருகிச் சேராம இருக்கலாம். அதனால முதல்ல துண்டுக் குழாய்களைப் பத்தவைத்து, அறுத்துப் பார்த்துப் பழகணும். தெரிஞ்ச இன்னொருத்தர் கண்ணிலும் காட்டணும். அந்தச் சங்கத்தில் இதுக்குன்னே தன்னார்வலர்கள் இருக்காங்க. தான் பத்தவைத்த மூட்டை நம்பித் தானே மேலே போகணும். இதைவிடக் கண்டிப்பான இன்ஸ்பெக்டர் யார் இருக்கா, சொல்லுங்க?