பஞ்சப்படி, கிராக்கிப்படி, அகவிலைப்படி: குர்லா வழி ஒரு விலையேற்ற வரலாறு

விலைவாசி உயர்வை ஈடுசெய்ய ஊதியத்தோடு சேர்த்து வழங்கப்படும் தொகைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்கியுள்ளன. பஞ்சப்படி என்பது பொருளின் பற்றாக்குறையைச் சுட்டும். கிராக்கிப்படி என்பது வாங்குவோர் மிகுதியைச் சுட்டும். கிராக்கி வடக்கிலிருந்து வந்த கடைத்தெருச் சொல். அகவிலைப்படி தானிய விலையைச் சுட்டுவது. ஆத்திசூடியில் தானியம் என்னும் பொருளில் ஆளப்படும் அஃகம் என்னும் சொல்லோடு அதன் முற்பகுதி உறவுடையது. விலையேற்றத்தின் காரணம் குறித்துப் பொருளியலார் நிகழ்த்தும் வழக்கு இப்பெயர்களிலேயே அடங்கியுள்ளது எனலாம். பணப்பெருக்கம் ஒன்றே இவற்றில் இடம்பெறவில்லை. அக்குறையைப் பணவீக்கம் என்னும் கலைச்சொல் நிரப்பியது. பொருளாதாரம் மீளுங்காலத்தில் இக்காரணங்களுள் எது முந்துகிறது என்பதை மும்பையின் இரு காலங்களைக் கொண்டு ஆராயலாம்.

முன்னது முதல் உலகப்போரை ஒட்டியது. அந்நாளில் குர்லா, பம்பாய் நகர எல்லைக்கு வெளியே இருந்த ஆலையூர். அங்கு நலிந்து கிடந்த தரம்சி ஆலையை 1886இல் ஜம்சேட்ஜி டாட்டா வாங்கிச் சுதேசி ஆலை ஆக்கினார். போரால் அயல்நாட்டுத் துணிவரவு குறைய, பம்பாய் வட்டார ஆலைகளின் ஆதாயம் பெருகியது. ஆனால் கப்பல்களும் ரயில் வண்டிகளும் போர்ப்பணிக்குச் சென்றமையால் தானியம் நகரை அடைவது அரிதாயிற்று. வெள்ளித் தட்டுப்பாட்டினால் 1917இல் ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. போர் முடிவதற்குள் தாள்பணப் புழக்கம் இருமடங்கைத் தாண்டியது. 1918இல் பருவமழையும் பொய்த்தது. பம்பாய் ஆலைகளில் 1917இல் 10 விழுக்காடாகத் தொடங்கிய படி, 1918இல் 15 ஆயிற்று. 1919 சனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே அது 35 ஆனது. 1920இல் மீண்டும் வேலைநிறுத்தம், பின்னர் 55. இவ்வரிசை நோக்கத்தக்கது. விலை முன்னே செல்ல, கூலி பின்தொடர்ந்தது. கூலி உயர்வே விலையை ஏற்றிற்று என்னும் வாதம் காலக்கணக்கிலேயே தோற்றுவிடுகிறது.

பின்னது கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பிந்தியது. 2020 மார்ச்சில் நின்ற புறநகர் ரயில், இரு தவணைத் தடுப்பூசி செலுத்திக்கொண்ட பொதுமக்களுக்கு 2021 ஆகஸ்டு 15 முதல் திறக்கப்பட்டது. குர்லா நிலையத்தில் கூட்டம் மீண்டது; சரக்கு அவ்வேகத்தில் மீளவில்லை. 2022 பிப்ரவரியில் மூண்ட உக்ரைன் போர் எரிபொருளையும் சமையல் எண்ணெயையும் மேலும் உயர்த்திற்று. குர்லாவிலிருந்து பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்துக்கு ஓடும் ஆட்டோக்கள் இதற்குத் தக்க சான்று. 2022 ஏப்ரல் 1 அன்று மகாராட்டிர அரசு சி.என்.ஜி. மீதான வரியை 13.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. அதே நாளில் உள்நாட்டு எரிவாயுவின் அடிப்படை விலையை நடுவண் அரசு, பத்து லட்சம் வெப்ப அலகுக்கு 2.90 டாலரிலிருந்து 6.10 டாலராக உயர்த்தியது. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது.

அம்மாதம் நாட்டின் நுகர்வோர் விலை உயர்வு 7.79 விழுக்காட்டைத் தொட்டது. மே 4 அன்று ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆக்கிற்று. வட்டி கிராக்கியைத் தணிக்கும்; பஞ்சத்தைத் தணிக்காது. இரண்டையும் பிரித்தறியும் தமிழ்ப்பெயர்கள் ஆட்சியாளர்க்கும் பயன்படக்கூடியவை.

சுதேசி ஆலை 2000இல் மூடப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர்க்குப் படி தரும் முதலாளி இல்லை. 2022 அக்டோபர் 1 அன்று குறைந்தபட்சக் கட்டணம் 21 ரூபாயிலிருந்து 23 ஆனபோது, அவ்விரண்டு ரூபாயே அவர்க்குரிய பஞ்சப்படியாயிற்று. அதுவும் எரிவாயு விலை ஏறி ஆறு மாதங்கள் கழிந்த பிறகு.