லான்ஸ்–ஆடம்ஸ் நோய்: ஒரு வரலாறு

மூளைக்குப் பிராணவாயு தடைபட்டு உயிர் மீண்ட சிலருக்கு, நினைவு திரும்பிய பின் ஒரு விசித்திரமான தசைத் துள்ளல் தொடங்குகிறது. படுத்திருக்கும்போது உடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தம்ளரை எடுக்கக் கையை நீட்டினால் கை வெட்டி வெட்டி இழுக்கும். எழுந்து நின்றால் கால் சட்டெனத் துவண்டுவிடும். இதுவே லான்ஸ்–ஆடம்ஸ் நோய்.

இதை முதலில் தெளிவாக வரையறுத்தவர்கள் ஆஸ்திரேலிய நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸும் அமெரிக்கர் ரேமண்ட் ஆடம்ஸும். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு, நான்கு நோயாளிகளைப் பற்றிய கட்டுரையாக 1963-இல் ‘பிரெய்ன்’ இதழில் வெளியானது. தசையிலும் மூளையிலும் எழும் மின் அலைகளை அவர்கள் பதிவு செய்தார்கள். துள்ளலுக்கு இடையே தசை கணநேரம் முற்றிலும் ஓய்ந்துபோவதையும், நோயாளி விழுவதற்கு அந்த ஓய்வே காரணமாவதையும் கண்டார்கள். கல்லீரல் நோயாளிகளின் கை இப்படிக் கணநேரம் தளர்வதை 1949-இலேயே சக மருத்துவர் ஃபோலியுடன் சேர்ந்து விவரித்தவர் ஆடம்ஸ்.

இதே காலத்தில் உயிர் மீட்கும் முறையும் மாறியது. மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இதயத்தை இயக்கும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960-இல் வெளியிட்டார்கள். அது பரவப் பரவ, இதயம் நின்று மீண்டவர்கள் பெருகினார்கள். அவர்களில் சிலரிடம் இந்தத் துள்ளலும் தென்பட்டது.

1971-இல் பிரான்சின் நரம்பியலாளர் லெர்மித்தின் குழுவினர், மூளையில் செரோட்டோனினாக மாறும் 5-எச்டிபி என்ற பொருள் இத்துள்ளலைத் தணிப்பதை அறிவித்தனர். நியூயார்க்கில் மருத்துவர் மெல்வின் வான் வோர்ட், அதைக் கார்பிடோபாவுடன் சேர்த்துக் கொடுத்தார். 5-எச்டிபி மூளையை அடையும் முன்பே உடலில் மாறிவிடாமல் கார்பிடோபா தடுத்தது. பலர் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். ஆயினும் நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் மருந்து நிறுவனங்கள் அதைத் தயாரிக்க முன்வரவில்லை. லாபம் தராத மருந்துகளின் இந்த நிலை குறித்து வான் வோர்ட் 1978-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பிற அரிய நோய்கள் உள்ளவர்களின் குரலும் சேர்ந்து வலுக்க, 1983 ஜனவரியில் அமெரிக்காவில் ‘ஆர்ஃபன் டிரக்’ சட்டம் கையெழுத்தானது. அரிய நோய்க்கு மருந்து உருவாக்கும் நிறுவனத்துக்கு வரிச் சலுகையும் 7 ஆண்டு தனி விற்பனை உரிமையும் அது வழங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்காக எழுந்த கோரிக்கை, எண்ணற்ற அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கும் வழி திறந்தது.

இன்று இந்நோய்க்குக் குளோனசெபம், வால்புரோயேட், லெவெடிரசெட்டம் ஆகியவையே முதன்மை மருந்துகள். ஆனால் இதயம் நின்று மீண்ட முதல் நாளிலேயே, ஆழ்ந்த மயக்கத்தில் ஓயாமல் எழும் துள்ளல் இந்நோயிலிருந்து வேறானது. அது பெரும்பாலும் மூளையின் கடுஞ்சேதத்தைக் குறிக்கும். லான்ஸ்–ஆடம்ஸ் நோயாளியோ கண் விழிக்கிறார், பேசுகிறார், ஆண்டுகள் செல்லச் செல்லத் தேறவும் கூடும். எனவே துள்ளலை மட்டும் பார்த்து நம்பிக்கை இழக்காமல், இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் முக்கியக் கடமை.