கண்ணாடி வீடும் ஒரு கப்பல் இன்ஜினியரும்

தெருவுல ஒரு கேமரா மாட்டினா போதும், உடனே ஆர்வெல்லோட '1984'-ஐ இழுத்துட்டு வந்துடுவோம் (நானும்தான்!). ஆனா அவருக்கு முன்னாடியே ஒருத்தர் இதை எழுதிட்டார். அவர் நம்மாளு, அதாவது இன்ஜினியர். அவர் புத்தகம் என்னை ஏன் தூங்க விடலைன்னு கடைசியில சொல்றேன்.

பேரு யெவ்கெனி ஸம்யாதின். 1884-ல ரஷ்யாவில் பிறந்தவர். கப்பல் கட்டுற படிப்பு. ஜார் ஆட்சியை எதிர்த்து 1905-ல ஜெயிலுக்குப் போனார். 1916-ல இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போய், ரஷ்யாவுக்காகப் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டுறதை மேற்பார்வை பார்த்தார். 1917-ல ஊர் திரும்பினார். 1920-21-ல ஒரு நாவல் எழுதினார்.

தலைப்பைத் தமிழ்ல 'நாங்கள்'னு சொல்றதா, 'நாம்'னு சொல்றதா? 'நாங்கள்'னா வெளியில ஒருத்தன் நிக்கிறான்னு அர்த்தம். கதையில வர்ற அரசுக்கு வெளியில எவனும் நிக்கக் கூடாது. அதனால 'நாம்'தான் சரி.

அங்க மனுஷங்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். எல்லா வீடும் கண்ணாடி. திரையை இறக்கணும்னா சீட்டு வேணும். எழுந்திரிக்க, சாப்பிட, வேலைக்குக் கிளம்ப எல்லாத்துக்கும் ஒரே அட்டவணை. இதை அவர் வானத்துலேர்ந்து பிடிக்கலை. ஸ்டாப்வாட்ச் வச்சுத் தொழிலாளியோட ஒவ்வொரு அசைவையும் அளந்தாரே அமெரிக்க இன்ஜினியர் டெய்லர், அந்த முறையை 1918-ல லெனினே பாராட்டினார். ஃபேக்டரிக்குள்ள இருந்த அந்தக் கடிகாரத்தை ஸம்யாதின் படுக்கையறை வரைக்கும் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

கதை சொல்ற டி-503-ம் ஒரு இன்ஜினியர். விண்கலம் கட்டுறவர். அவர் கெட்டவர் இல்லைங்க. கண்ணாடிச் சுவரை ரசிக்கிறார், அட்டவணையில அழகு பார்க்கிறார். எனக்கு பயமா இருந்தது அந்த ரசனையைப் பார்த்துதான்.

அப்புறம் நடந்ததுதான் வரலாறு. 1922-ல சோவியத் அரசு 'கிளாவ்லித்'னு ஒரு தணிக்கைத் துறையையே ஆரம்பிச்சது. நாவலுக்கு அனுமதி இல்லை. 1924-ல நியூயார்க்குல ஆங்கிலத்துல வந்தது. 1927-ல ப்ராக் நகரத்துப் பத்திரிகை ஒண்ணுல ரஷ்ய மொழியில சில பகுதிகள் வரவும், 1929-ல அதைக் காரணம் காட்டி அவரைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. கிழிச்சது போலீஸ் இல்லை, சக எழுத்தாளர்கள். அவர் நாடகங்கள் மேடையேறலை, எழுத்து அச்சேறலை. கையில விலங்கு கிடையாது, ஆனா வாய் மூடியாச்சு.

1931-ல ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். எழுத விடாம செய்யறது எழுத்தாளனுக்கு மரண தண்டனைக்குச் சமம், என்னை வெளியே விடுங்கன்னு கேட்டார். கார்க்கி சிபாரிசு பண்ண, ஆச்சரியமா அனுமதி கிடைச்சது. 1937-ல பாரிஸ்ல வறுமையில செத்துப்போனார். 1946-ல ஆர்வெல் இந்த நாவலுக்கு விமர்சனம் எழுதினார். '1984' வந்தது 1949-ல. 'நாம்' சொந்த நாட்டுல அச்சானது எப்போ தெரியுமா? 1988-ல!

இப்போ என் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கஸ்டமருக்காக ஒரு மாட்யூல் எழுதினேன். ஊழியர்கள் கீபோர்டைத் தொடாம எத்தனை நிமிஷம் இருக்காங்கன்னு கணக்கெடுக்கும். துல்லியமா, ஒரு பக் இல்லாம. டேமேஜர் முதுகுல தட்டினார், டீமுக்கு பிரியாணி வேற. அந்த நிமிஷங்கள்ல ஒருத்தர் யோசிச்சுட்டு இருந்திருக்கலாம், அழுதுட்டு இருந்திருக்கலாம். என் ப்ரோகிராம்ல எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்: 'ஐடில்'.

அன்னைக்கு நான் என் கோடைப் பார்த்து ரசிச்சேன். டி-503 மாதிரியே.

அதே கஸ்டமர் இப்போ அடுத்த வெர்ஷன் கேட்கிறாராம், கேமராவோட. என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன்... கீபோர்டைத் தொடாமதான்.