94, 95: அம்புகள் இழந்த இடம்

1963இல் அமெரிக்கத் தர நிர்ணயச் சங்கம் வெளியிட்ட, எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் இரண்டு அம்புகள் இருந்தன. 94ஆம் எண்ணில் மேல்நோக்கிய ↑. 95இல் இடப்பக்கம் திரும்பிய ←. ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கே அந்தப் பதிப்பில் இடம் ஒதுக்கப்படவில்லை என்று பார்க்கும்போது, அம்புகளுக்கு அன்றிருந்த மதிப்பு விளங்கும். அக்காலத்து டெலிடைப் 33 இயந்திரத்தில் ஷிப்ட்டோடு ‘என்’ விசையை அழுத்தினால் ↑ அச்சாகும், ‘ஓ’ விசையை அழுத்தினால் ←. நான்கே ஆண்டுகளில், 1967 திருத்தத்தில், இரண்டும் வெளியேற்றப்பட்டன. 94 என்ற எண் ^ குறிக்கும், 95 _ குறிக்கும் போயின. ஆனால் அம்புகள் பார்த்துவந்த வேலை அவற்றோடு போகவில்லை. அது அந்த எண்களிலேயே தங்கிவிட்டது என்பதே என் துணிபு.

1964இல் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த பேசிக் நிரல்மொழியில், ஓர் எண்ணின் அடுக்கைக் குறிக்க ↑ பயன்பட்டது. இன்று எக்செல்லில் அடுக்கு கணக்கிட நாம் இடுவது ^. எண் அதே 94. செராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில் ← மாறிக்கு மதிப்பளித்தது, ↑ விடையைத் திருப்பி அனுப்பியது. அந்த ஆய்வகத்து எழுத்துருக்கள் பழைய அம்புகளைக் கைவிடவில்லை. மற்றக் கணினிகளுக்கு அந்த மொழி இடம்பெயர்ந்தபோது அதே நிரல் ^, _ என்று திரையில் தெரிந்தது. ஸ்மால்டாக் எழுதுகிறவர்கள் விடையைத் திருப்பி அனுப்ப இன்றும் ^ இடுகிறார்கள்.

^ குறி பார்வைக்கே அம்பின் முனைபோல இருக்கிறது, ஆகவே பழக்கம் வடிவத்தைத்தான் பின்பற்றியது, எண்ணை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். ↑ மட்டும் நம்மிடம் சான்றாக இருந்தால் அந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ←இன் கதை அதை ஏற்கவிடவில்லை. அடிக்கோட்டுக்கும் இடப்பக்க அம்புக்கும் உருவத்தில் எந்த உறவும் கிடையாது. அப்படியிருந்தும் ஸ்மால்டாக்கின் சில வடிவங்களிலும், பெல் ஆய்வகத்தின் எஸ் மொழியிலும், மாறிக்கு மதிப்பளிக்கும் குறியாக _ நின்றது. எஸ் மொழியின் வழிவந்த ஆர், அந்த _ வழக்கத்தைப் பின்னாளில் விலக்கியது. காரணம், மாறிகளின் பெயர்களுக்குள் அடிக்கோடு வரவேண்டியிருந்தது. எஞ்சியது <- என்ற இரட்டைக் குறி.

1967இல் அம்புகளை நீக்கியது தவறா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏழு பிட்டுக்குள் மொத்தம் 128 இடங்கள்தாம். பிரெஞ்சு முதலான மொழிகளின் எழுத்துகள்மேல் ஏற்றி அச்சிட ^ தேவைப்பட்டது, சொற்களை அடிக்கோடிட _ தேவைப்பட்டது. அந்தத் தேவைகள் உண்மையானவை. அந்தத் திருத்தத்துக்குக் கட்டுப்படாத இயந்திரங்களும் இருந்தன. 1982இல் வந்த கமடோர் 64 பழைய அட்டவணையையே பின்பற்றி, இரு அம்புகளுக்கும் தனித்தனி விசை தந்தது. 1981இன் ஐபிஎம் தனிக்கணினியோ நான்கு திசை அம்புகளையும் 24 முதல் 27 வரை வைத்தது. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் பலகையில் 26 தட்டினால் → வருவது அந்த வழியில்தான். ஆனால் ஆஸ்கியில் அந்த எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியவை. 27 என்பது எஸ்கேப். ஆகவே சாதாரண உரைக்குள் அந்த அம்புகளை நம்பி வைக்க முடியவில்லை.

1991இல் வந்த யூனிகோடு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதே என்பது வலுவான மறுப்பு. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 2190 தொடங்கி அம்புகளுக்கென்றே 112 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி அதில் இருக்கிறது. சேமிப்பதும் காட்டுவதும் தீர்ந்தன என்பது சரிதான். தட்டச்சு தீரவில்லை. சாதாரண விசைப்பலகையில் → குறியை எழுதித்தரும் விசை இல்லை. அம்பு படம் போட்ட விசைகள் இடஞ்சுட்டியை நகர்த்தவே இருக்கின்றன. அதனால் நிரல் எழுதுகிறவர்கள் -> என்றே எழுதுகிறார்கள். 2014இல் ஜாவா 8 தன் புதிய தொடரமைப்புக்குத் தேர்ந்தெடுத்ததும் அந்த இரட்டைக் குறியைத்தான். ஃபிரா கோடு போன்ற எழுத்துருக்கள் அவ்விரண்டையும் இணைத்துத் திரையில் ஒரே அம்பாக வரைகின்றன. கோப்பில் பதிவாவது 45, 62 என்ற இரண்டு ஆஸ்கி எண்கள்.