சுவரில் மோதித் திரும்பும் பந்து: உந்தக் கருத்து உருவான வரலாறு

சுவரில் மோதிய பந்து மோதுவதற்கு முன்பிருந்த அதே வேகத்தோடு திரும்பி வரும்போது, அதன் இயக்கத்தில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்னும் வினா 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. இன்று பள்ளி மாணவர் இரண்டு வரிகளில் எழுதிவிடும் விடையை அவர்கள் எட்டுவதற்கு, வேகத்தின் அளவைப் போலவே அதன் திசையும் இயக்கத்தின் பிரிக்க முடியாத கூறு என்பதை முதலில் உணர வேண்டியிருந்தது.

இவ்வினாவை ஒழுங்குபட ஆராயத் தொடங்கியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே தெக்கார்த். 1637இல் லைடன் நகரில் வெளியான ஒளியியல் நூலில், மட்டையால் அடிக்கப்பட்ட பந்து கடினமான தரையில் பட்டு எழும்புவதைக் கொண்டு ஒளி எதிரொளிப்பதை விளக்கிய அவர், பந்தை இயக்கும் ஆற்றல் வேறு, அது செல்லும் திசை வேறு என்று பிரித்தார். 1644இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட 'மெய்யியலின் கொள்கைகள்' நூலில், பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கிக் கிடைக்கும் 'இயக்க அளவு' உலகில் என்றும் மாறாதது என்று நிறுவ முற்பட்டு, மோதலுக்கு ஏழு விதிகளை வகுத்தார். அசையாது நிற்கும் பெரிய பொருளை அதனினும் சிறிய பொருள் எத்துணை விரைவாக வந்து மோதினாலும் அசைக்க இயலாது, சிறியதே அதே வேகத்தில் பின்வாங்கும் என்பது அவற்றுள் நான்காவது. அவ்விதிப்படி பார்த்தால் பந்து திசையை மட்டுமே மாற்றிக்கொள்கிறது. சுவருக்கோ எதுவும் நிகழ்வதில்லை.

இவ்விதிகளை ஐயுற்று, 1650களில் மோதலைப் பற்றித் தனிநூலே எழுதியவர் ஹாலந்தின் கிறித்தியான் ஹைகன்ஸ். கால்வாயில் சீராகச் செல்லும் படகில் ஒருவர் இரண்டு சமமான பந்துகளைச் சம வேகத்தில் மோதவிடுவதையும், கரையில் நிற்பவர் அதையே காண்பதையும் அவர் ஒப்பிட்டார். படகின் வேகமும் பந்துகளின் வேகமும் ஒன்றாயின், கரையிலிருப்பவருக்கு ஒரு பந்து அசையாது நிற்பதாகவும், மற்றது இருமடங்கு வேகத்தில் வந்து மோதியதும் தன் வேகம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவதாகவும் தோன்றும். ஒரே நிகழ்ச்சி இருவர் கண்ணுக்கும் ஒரே விதிக்கு அடங்க வேண்டும் என்ற இக்கருத்திலிருந்து, எவ்வளவு பெரிய பொருளையும் எவ்வளவு சிறிய பொருளும் மோதி அசைக்கும் என்ற முடிவுக்கு ஹைகன்ஸ் வந்தார். தெக்கார்த்தின் நான்காம் விதி இதனால் சரிந்தது. எனினும் அந்நூல், அவர் 1695இல் மறைந்த பின்னர் 1703இல்தான் அச்சேறியது.

இதற்கிடையில் 1668இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதலின் விதிகளைக் கேட்டு அறிஞர்களை அணுகியபோது, கணிதவியலாளர் ஜான் வாலிஸ், கட்டடக் கலைஞராகப் பின்னாளில் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் விடை அனுப்பினர். மோதிய பின் ஒட்டிக்கொள்ளும் பொருள்களை வாலிஸும், முழுமையாகத் துள்ளும் பொருள்களை மற்ற இருவரும் ஆராய்ந்தனர். ஒரு திசையில் செல்வதைக் கூட்டல் குறியாலும் எதிர்த்திசையில் செல்வதைக் கழித்தல் குறியாலும் குறித்தால்தான் மொத்த இயக்க அளவு மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாயிருக்கும் என்பது இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. இவ்வாறு திசையோடு கூடிய இயக்க அளவே, அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவதே, இன்று உந்தம் எனப்படுகிறது.

1687இல் வெளியான 'பிரின்சிப்பியா'வில் ஐசக் நியூட்டன் அம்மூவரின் பணியையும் பெயர் சுட்டிப் போற்றி, 10 அடி நீள ஊசல்களில் பந்துகளைத் தொங்கவிட்டு மோதச்செய்து, காற்றின் தடையையும் கணக்கிட்டுத் தாம் கண்ட முடிவுகளைத் தந்தார். இறுகச் சுற்றிய கம்பளிப் பந்துகள் நெருங்கிய வேகத்துக்கும் விலகிய வேகத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 9க்கு 5 என்றும், கண்ணாடிப் பந்துகளுக்கு 16க்கு 15 என்றும் அவர் கண்டார். விலகும் வேகத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்து வரும் இந்த எண்ணே மீட்சியளிப்புக் குணகம்.

உந்த மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கேற்ப அவ்விசையின் திசையில் அமையும் என்ற நியூட்டனின் இரண்டாம் விதியைச் சேர்த்துப் பார்த்தால் சுவரின் கணக்கு முழுமை பெறுகிறது. 200 கிராம் பந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மோதி அதே வேகத்தில் திரும்பினால், +2 ஆக இருந்த உந்தம் −2 ஆகி, மாற்றம் 4 அலகாகிறது. அதே நிறையுள்ள களிமண் உருண்டை சுவரில் ஒட்டிக்கொண்டால் மாற்றம் 2 அலகே. விசையையும் அது செயல்பட்ட நேரத்தையும் பெருக்கி வரும் கணத்தாக்கு இம்மாற்றத்துக்குச் சமம். ஆகவே தொடுநேரம் ஒரு வினாடியில் 100இல் ஒரு பங்கு எனக் கொண்டால், பந்து சுவரைச் சராசரியாக 400 நியூட்டன் விசையோடும், களிமண் 200 நியூட்டன் விசையோடும் தாக்குகின்றன. பந்து இழந்த உந்தத்தைச் சுவரும் அது ஊன்றிய நிலவுலகும் பெறுகின்றன. அவற்றின் நிறை மிகப் பெரிதாகையால் அவை பெறும் வேகம் அளக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிறதேயன்றி இல்லாமற் போவதில்லை.

இக்கணக்கின் பயன் பந்தோடு நிற்கவில்லை. 1738இல் டேனியல் பெர்னூலி, கலத்தின் சுவரில் எண்ணற்ற நுண்துகள்கள் ஓயாமல் மோதித் திரும்புவதே காற்றின் அழுத்தம் என்று விளக்கினார். ஒளியும் தான் படும் பரப்பை அழுத்த வேண்டும் என்று 1873இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கோட்பாட்டால் காட்ட, ரஷ்ய இயற்பியலாளர் பியோத்தர் லெபெதெவ் 1901இல் அவ்வழுத்தத்தை அளந்த ஆய்வை வெளியிட்டார். ஒளியை உட்கவரும் கரும்பரப்பைக் காட்டிலும் அதைத் திருப்பியனுப்பும் ஆடி ஏறத்தாழ இருமடங்கு தள்ளப்படுவதற்குக் காரணம், களிமண்ணுக்கும் பந்துக்கும் உள்ள அதே வேறுபாடுதான். ஜப்பான் 2010இல் ஏவிய இக்காரோஸ் விண்கலம், 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயில் சூரிய ஒளியை ஏற்று இத்தள்ளலால் வேகம் பெற்றது.

தெக்கார்த்தின் விதிகளில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. ஆயினும் மோதலில் மாறாத அளவு ஒன்று உண்டு என்ற அவருடைய நம்பிக்கை பொய்க்கவில்லை. அவர் ஒதுக்கி வைத்த திசையை அவ்வளவுக்குள் சேர்த்ததன் மூலம், அவருக்குப் பின் வந்தவர்கள் அந்நம்பிக்கையை அளந்து சரிபார்க்கத்தக்க அறிவியல் விதியாக்கினர்.