ஆலிமும் மாலுமியும்

தமிழ் முஸ்லிம் ஊர்களில் மார்க்கம் கற்றவரை ‘ஆலிம்’ என்பார்கள், மரியாதையோடு ‘ஆலிம்சா’. அரபியில் இதன் வேர் ‘இல்ம்’, அதாவது அறிவு. ஆலிம் என்றால் அறிந்தவர், பன்மையில் உலமா. சொல்லில் அறிவு மட்டுமே இருக்கிறது, அதிகாரம் இல்லை. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இறைவனுக்கும் அடியானுக்கும் நடுவே நிற்பவர் அல்லர் ஆலிம். அவர் தரும் ஃபத்வா, கற்றறிந்தவரின் கருத்து, நீதிமன்ற ஆணையன்று.

அதே வேரில் பிறந்தது ‘முஅல்லிம்’: கற்பிப்பவர். அரபுக் கடலோடிகள் கப்பலுக்கு வழிகாட்டுபவரையும் இப்பெயரால் அழைத்தார்கள். அதுதான் நம் கரைக்கு வந்து ‘மாலுமி’ ஆனது. இன்று கப்பலில் வேலை செய்பவர் எல்லாரும் மாலுமிதான். அன்று அது திசையும் காற்றும் விண்மீனும் கற்றவரின் பெயர். ஆசிரியருக்கும் வழிகாட்டிக்கும் ஒரே சொல் என்பது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அப்படிப்பட்டவர். அரபி மொழி அறியாதவர்களும் தம் தொழுகை, நோன்பின் சட்டங்களைத் தாமே படித்தறிய, ‘மகானீ’ என்னும் மார்க்கச் சட்ட நூலை அரபு எழுத்தில் தமிழாக எழுதினார். அறிந்ததைப் பிறர் கைக்குக் கொடுத்த அவரை ஆலிம் என்று அழைப்பதே சரி.